போர்ட் திறந்தும் கேமரா தெரியவில்லையா?

மாத்தூரில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் எட்டு போர்ஷன் லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார். ஒரகடம் சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் பிள்ளைகள்தான் எல்லாப் போர்ஷனிலும். அக்கா குடியிருப்பது வாலாஜாபாத்தில். வாசல், மாடிப்படி, வண்டி நிறுத்தும் இடம் என்று நான்கு கேமரா போட்டார். போட்டுக் கொடுத்தவர், "ரவுட்டர்ல போர்ட் ஓப்பன் பண்ணிட்டேன்க்கா, இனி எங்கிருந்து வேணும்னாலும் போன்ல பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். மாத்தூர் வீட்டில் நின்று பார்த்தால் படம் தெரிந்தது. பஸ் ஏறி வாலாஜாபாத் வந்து பார்த்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை இதிலேயே போனது. ரவுட்டரை அணைத்துப் போட்டார், ரீசெட் செய்தார், கேமராக்காரரைத் திரும்பக் கூப்பிட்டுக் கூலியும் கொடுத்தார். கடைசியில் பார்த்தால் குறை அவர் வீட்டுக்குள்ளேயே இல்லை.

இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம், ஒரகடம் என்று இந்தத் தொழிற்பேட்டை ஊர்களில் இதே சிக்கல் பலருக்கு உண்டு. வாடகை வீட்டுக்காரர்கள், பிள்ளைப்பாக்கத்தில் சின்னப் பட்டறை வைத்திருப்பவர்கள், வருகைப்பதிவு இயந்திரத்தை வீட்டிலிருந்தே பார்க்க நினைக்கும் லேபர் கான்ட்ராக்டர்கள். எதை முதலில் பார்ப்பது என்று தெரிந்தால் அரைமணி நேரத்தில் விடை கிடைக்கும். நீங்கள் கணினி படித்திருக்க வேண்டியதில்லை.

போர்ட் ஃபார்வர்டிங் என்பது என்ன? அந்த லைன் வீட்டையே எடுத்துக்கொள்வோம். தெருவில் அதற்கு ஒரே கதவு எண், உள்ளே எட்டு போர்ஷன். தபால்காரர் உள்ளே வரமாட்டார், வாசலில் இருக்கும் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போவார். ரவுட்டர் (ஒரே இணைய இணைப்பை வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் பிரித்துத் தரும் பெட்டி) அந்த வீட்டுக்காரர். ஐ.பி. முகவரி (இணையத்தில் ஒரு கருவியைக் கண்டுபிடிக்க உதவும் எண்) அந்தக் கதவு எண். போர்ட் (என்ன வேலையாக வந்த தகவல் என்று காட்டும் எண்) கடித உறையின் மூலையில் எழுதிய குறிப்பு எண் மாதிரி. அது 1 முதல் 65,535 வரை இருக்கலாம்.

உள்ளே குடியிருப்பவர் ஒரு கடிதம் போட்டு அதற்குப் பதில் வந்தால், யாருக்கு வந்தது என்று வீட்டுக்காரருக்குத் தெரியும். கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். யூடியூப் பார்ப்பது, வாட்ஸ்அப்பில் பேசுவது எல்லாம் இந்த வகை. யாரும் எழுதாமலே வெளியிலிருந்து ஒரு கடிதம் வந்தால் அவருக்கு விவரம் தெரியாது, ஒதுக்கிவிடுவார். வாலாஜாபாத்திலிருந்து நீங்கள் கேமராவைக் கூப்பிடுவது இந்த இரண்டாவது வகை. "8000 என்று எழுதி வருவதையெல்லாம் மூன்றாவது போர்ஷனில் கொடுத்துவிடுங்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவைக்கிறோமே, அதுதான் போர்ட் ஃபார்வர்டிங்.

சொல்லிவைத்தும் வரவில்லை. எங்கே பார்ப்பது? ரவுட்டரின் அமைப்புகளை வரிவரியாகச் சரிபார்க்கத்தான் பலரும் சொல்வார்கள். நான் அங்கிருந்து தொடங்கச் சொல்லமாட்டேன். முதலில் பார்க்க வேண்டியது, உங்கள் வீட்டுக்குத் தெருவில் சொந்தமாக ஒரு கதவு எண் இருக்கிறதா என்பதை. இல்லையென்றால் மற்ற எதைச் சரிசெய்தும் பயனில்லை.

இதைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். கேமரா இருக்கும் வீட்டுக்குப் போய், போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு வைஃபையில் இணையுங்கள். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 192.168.1.1 போல ஓர் எண் இருக்கும். பிரவுசரில் அதை அடித்தால் ரவுட்டரின் பக்கம் திறக்கும். ஸ்டேட்டஸ் என்ற பகுதியில் டபிள்யூ-ஏ-என் என்ற மூன்று எழுத்துகளுக்குப் பக்கத்தில் ஓர் ஐ.பி. முகவரி தெரியும். தெருப்பக்கம் தனக்கு இருப்பதாக ரவுட்டர் நம்பும் கதவு எண் அதுதான். ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, அதே வைஃபையில் இருந்தபடியே கூகுளில் 'வாட் இஸ் மை ஐ.பி.' என்று தேடுங்கள். வெளியுலகம் உங்களை எந்த முகவரியில் பார்க்கிறது என்று காட்டும். நடுவில் முக்காற்புள்ளிகளோடு நீளமான முகவரி வந்தால் அது ஐ.பி.வி6 (புதிய தலைமுறை முகவரி). அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். இப்போதைக்கு வேண்டியது புள்ளி வைத்துப் பிரித்த நான்கு எண்கள் கொண்ட பழைய வகை, ஐ.பி.வி4.

இரண்டும் ஒன்றாக இருந்தால் நல்லது. உங்களுக்குச் சொந்தக் கதவு எண் இருக்கிறது, குறை வீட்டுக்குள்தான். வேறு வேறாக இருந்தால் ரவுட்டரில் குறித்த எண்ணின் தொடக்கத்தைக் கவனியுங்கள். 100.64 முதல் 100.127 வரை எதில் தொடங்கினாலும், இடையில் இன்னொரு வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்கிறார் என்று பொருள். அக்காவின் ரவுட்டர் காட்டியது 100.72 என்று தொடங்கியது, கூகுள் காட்டியது 103 என்று தொடங்கியது. மின்சாரப் பெட்டிக்குக் கீழே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் இரண்டையும் எழுதினோம். இரண்டு ஞாயிறு தேடிய காரணம் அந்த நோட்டில் இருந்தது.

இதற்குப் பெயர் சிஜிநாட் (ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்கு இணைய நிறுவனமே பங்கிட்டுக் கொடுக்கும் முறை). உங்கள் லைன் வீட்டுக்கு மட்டுமில்லை, தெரு முழுவதற்கும் ஒரே கதவு எண் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெருமுனையில் நிறுவனத்தின் ஆள் ஒருவர் கடிதங்களை வாங்கிப் பிரிக்கிறார். உங்கள் வீட்டுக்காரரிடம் நீங்கள் சொல்லிவைத்தது தெருமுனை ஆளுக்குத் தெரியாது. 8000 என்று எழுதி வந்த கடிதம் அவரிடமே நின்றுவிடுகிறது. உங்கள் ரவுட்டரில் எழுதிய விதி சரிதான், ஆனால் கடிதம் அதுவரை வருவதே இல்லை.

நிறுவனம் நம்மை ஏமாற்றுகிறதா? இல்லை. ஐ.பி.வி4 முறையில் மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகள்தான் உண்டு. ஆசிய பசிபிக் பகுதிக்கு முகவரி வழங்கும் ஏப்னிக் அமைப்பின் பொதுக் கையிருப்பு 2011 ஏப்ரல் 15 அன்றே கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. அதன்பிறகு கேட்டவர்களுக்குச் சிறு துண்டுகளாகத்தான் கிடைத்தது. இந்தியாவில் வீட்டுக்கு வீடு ஃபைபர் வந்ததும், கைக்குக் கை 4ஜி வந்ததும் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். பங்கிட்டுக் கொடுப்பதற்கென்றே 2012 ஏப்ரலில் அந்த 100.64 வரிசை உலக அளவில் ஒதுக்கப்பட்டது. உள்ளிருந்து வெளியே போகும் வேலைக்கு இதனால் எந்தக் குறையும் இல்லை. படம் பார்க்கலாம், பணம் அனுப்பலாம், பிள்ளைகள் ஆன்லைனில் படிக்கலாம். வெளியிலிருந்து உள்ளே வருவது மட்டும்தான் அடைபடுகிறது. சிம் போட்ட ரவுட்டரோ 5ஜி வீட்டு இணைப்போ வைத்திருந்தாலும் பெரும்பாலும் இதே கதைதான்.

சரி, என்ன செய்வது? ஒரு வழி, பொது முகவரி கேட்டு வாங்குவது. கதவைத் திறக்காத இன்னொரு வழியைப் பின்னால் சொல்கிறேன். இந்தப் பக்கத்தில் ஃபைபர் இணைப்பு பல இடங்களில் உள்ளூர் கேபிள்காரர் மூலமாகத்தான் வருகிறது. "நெட் வேலை செய்யல" என்று அவரிடம் சொன்னால் வந்து வேகம் பார்த்துவிட்டுப் போய்விடுவார். இப்படிக் கேளுங்கள்: "தம்பி, எங்க கனெக்ஷன் சிஜிநாட்ல இருக்கு. எனக்குப் பப்ளிக் ஐ.பி. வேணும். கம்பெனில கேட்டுச் சொல்லுங்க, எவ்வளவு ஆகும்?" இந்த இரண்டு சொற்களையும் சொன்னால் கேள்வி சரியான ஆளிடம் போய்ச் சேரும். சில நிறுவனங்கள் மாதக் கட்டணத்துக்குத் தரும், சில ஆண்டுக் கட்டணத்துக்கு. சில, வணிகத் திட்டத்துக்கு மாறினால்தான் தரும். வீட்டு இணைப்புக்குத் தருவதே இல்லை என்று சொல்லும் நிறுவனங்களும் உண்டு.

இங்கே ஓர் இடத்தில் கவனம் வேண்டும். சிலர் 'ஸ்டேட்டிக் ஐ.பி. போட்டாச்சு' என்று சொல்லி, உங்கள் டி.வி.ஆர். (கேமராப் படங்களைப் பதிவு செய்யும் பெட்டி) கருவிக்கு வீட்டுக்குள் ஒரு நிலையான எண்ணைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். வேண்டுமென்றே செய்வதில்லை, அவர்களுக்கும் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றிவிடும். அது போர்ஷன் எண்ணை நிலையாக்கியது. நீங்கள் காசு கொடுப்பது கதவு எண்ணுக்கு. பணம் கொடுக்கும் முன் மேலே சொன்ன சோதனையை மறுபடி செய்யுங்கள். ரவுட்டரும் கூகுளும் ஒரே எண்ணைக் காட்டினால் மட்டும் கொடுங்கள்.

பொது முகவரி நிலையாகவும் இருக்க வேண்டுமா? கட்டாயமில்லை. அவ்வப்போது மாறும் பொது முகவரி போதும். டி.டி.என்.எஸ். (மாறுகிற முகவரியை ஒரே பெயரோடு கட்டிவைக்கும் சேவை) வைத்துக்கொண்டால், எண் மாறினாலும் பெயரைச் சொல்லிக் கூப்பிடலாம். டக் டிஎன்எஸ், நோ-ஐபி போன்றவை இலவசமாகவே தருகின்றன. நோ-ஐபியின் இலவசக் கணக்கை 30 நாளுக்கு ஒருமுறை உறுதிசெய்ய வேண்டும். மறந்தால் பெயர் போய்விடும், கேமரா பழுது என்று மறுபடி தேட ஆரம்பிப்பீர்கள்.

முதல் சோதனையில் ரவுட்டர் காட்டிய எண் 100 வரிசையில் இல்லாமல் 192.168, 10, அல்லது 172.16 முதல் 172.31 வரை என்று தொடங்குகிறதா? முதலில் வீட்டில் எத்தனை பெட்டி என்று எண்ணிப் பாருங்கள். ஃபைபர் வந்து செருகும் பெட்டி ஓ.என்.டி. (ஃபைபர் ஒளியை இணையமாக மாற்றித் தரும் கருவி), அதிலிருந்து ஒயர் எடுத்துக் கடையில் வாங்கிய இன்னொரு ரவுட்டர் என்று இரண்டு இருந்தால், உங்கள் வீட்டுக்குள்ளேயே இரண்டு வீட்டுக்காரர்கள். ஒருவரிடம் சொன்னது மற்றவருக்குத் தெரியாது. முதல் பெட்டியை பிரிட்ஜ் முறையில் (தான் பிரிக்காமல் வந்ததை அப்படியே அடுத்த பெட்டிக்கு விடும் முறை) போடச் சொல்லுங்கள். அதற்கான கடவுச்சொல் பெரும்பாலும் கேபிள்காரரிடம்தான் இருக்கும். அல்லது உங்கள் ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் ஆக மாற்றி, வைஃபை கொடுக்கும் வேலையை மட்டும் அதற்கு விடுங்கள். பிறகு விதியை ஓ.என்.டி.யில் எழுதினால் போதும். ஒரே பெட்டிதான் என்றால், பங்கிடுவது நிறுவனம்தான். சிஜிநாட்டுக்குச் சொன்னதே அதற்கும்.

இந்தச் சோதனையில் தேறிவிட்டீர்கள், சொந்தக் கதவு எண் இருக்கிறது, ஆனாலும் வரவில்லை என்றால் இனி வீட்டுக்குள் தேடலாம்.

கேமரா உள்ளே இருந்து தெரிகிறதா? வீட்டு வைஃபையில் இருந்துகொண்டு, டி.வி.ஆரின் உள் முகவரியைப் பிரவுசரில் அடித்துப் பாருங்கள். அங்கேயே திறக்காவிட்டால் ரவுட்டரைக் குறை சொல்வதில் பொருளில்லை. இணைய நிறுவனத்தை மாற்றிய வீடுகளில் இது அடிக்கடி நடக்கும். பழைய ரவுட்டர் 192.168.1 வரிசையில் எண் கொடுத்திருக்கும். ஜியோவின் வீட்டு ரவுட்டர்கள் 192.168.29 வரிசையில் கொடுப்பவை. டி.வி.ஆரில் பழைய எண்ணைக் கையால் எழுதி வைத்திருந்தால், அது காலி செய்துபோன வீட்டின் முகவரியிலேயே உட்கார்ந்திருக்கும். டி.வி.ஆரின் நெட்வொர்க் பக்கத்தில் புதிய வரிசைக்கு மாற்றுங்கள்.

மாற்றும்போது கேட்வே (வெளியே போக எந்தக் கதவு என்று கருவிக்குச் சொல்லும் எண்) என்ற கட்டத்தையும் பாருங்கள். அதில் உங்கள் ரவுட்டரின் எண் இருக்க வேண்டும். அது தவறாக இருந்தால் வீட்டுக்குள் படம் அழகாகத் தெரியும், வெளியிலிருந்து மட்டும் வராது. கடிதம் வந்து சேர்கிறது, பதில் அனுப்பக் கதவு தெரியவில்லை. கண்டுபிடிக்கக் கடினமான குறை இது. கேமரா போடுபவர்களில் அனுபவசாலிகளே இதைத் தவறவிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

நேற்றுவரை வேலை செய்தது, கரண்ட் போய் வந்ததும் நின்றுவிட்டது என்கிறீர்களா? அப்படியானால் பெரும்பாலும் போர்ஷன் எண் மாறியிருக்கும். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்வாரியம் காலையில் நிறுத்தி மாலையில் கொடுக்கும்போது எல்லாக் கருவியும் ஒன்றாக விழித்துக்கொள்ளும். ரவுட்டர் முந்தி வந்தவருக்கு முந்தி எண் கொடுக்கும். மூன்றாவது போர்ஷனில் டி.வி.ஆர். இருந்த இடத்தில் யாரோ ஒரு பிள்ளையின் போன் வந்து உட்கார்ந்திருக்கும். ரவுட்டரில் டி.ஹெச்.சி.பி. ரிசர்வேஷன் (குறிப்பிட்ட கருவிக்கு எப்போதும் அதே எண்ணைத் தரச் சொல்லும் அமைப்பு) என்ற இடத்தில் டி.வி.ஆரைச் சேர்த்துவிட்டால் இது திரும்ப வராது.

விதியை எழுதும்போது எங்கே தவறு நடக்கும்? வெளி போர்ட், உள் போர்ட் என்று இரண்டு கட்டம் இருக்கும். உள் போர்ட்டில் கருவி உண்மையில் பயன்படுத்தும் எண்தான் இருக்க வேண்டும். ஹிக்விஷன் கருவிகளின் செயலிக்கு வழக்கமான எண் 8000, டாஹுவாவுக்கு 37777. யாராவது மாற்றியிருக்கலாம், ஆகவே கருவியின் நெட்வொர்க் பக்கத்தில் பார்த்து எழுதுங்கள். வெளி போர்ட் உங்கள் விருப்பம். 80, 443, 8080 ஆகியவற்றைத் தவிர்த்து 45,000க்கு மேல் ஏதாவது வையுங்கள். அந்த மூன்றையும் சில நிறுவனங்கள் அடைத்து வைத்திருக்கும், சில ரவுட்டர்கள் தங்கள் சொந்தப் பக்கத்துக்கே 80ஐ எடுத்துக்கொள்ளும். டி.சி.பி. அல்லது யு.டி.பி. (தகவல் அனுப்பும் இரண்டு முறைகள்) என்று கேட்டால், தெரியாதபோது இரண்டையும் தேர்ந்தெடுக்கலாம்.

சரியாகிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வீட்டு வைஃபையில் இருந்துகொண்டு வெளி முகவரியை அடித்துப் பார்க்காதீர்கள். வாசலுக்குப் போய்த் தன் வீட்டுக் கதவையே தட்டும் இந்த வேலையைப் பல ரவுட்டர்கள் ஏற்காது. வெளியில் எல்லாம் சரியாக இருந்தும் இங்கே வராது, நீங்கள் சரியான விதியை அழித்துவிடுவீர்கள். வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் பாருங்கள். போர்ட் திறந்திருக்கிறதா என்று காட்டும் இணையதளங்களைப் பயன்படுத்தினால், அந்த நேரத்தில் டி.வி.ஆர். ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஓடாவிட்டால் 'மூடியிருக்கிறது' என்றே காட்டும்.

பட்டறைக் கணினியை வீட்டிலிருந்து இயக்க நினைப்பவர்களுக்கு இரண்டு செய்தி. விண்டோஸின் ஹோம் பதிப்பு வைத்திருந்தால், ரிமோட் டெஸ்க்டாப் முறையில் வெளியிலிருந்து அதற்குள் வரவே முடியாது, அதற்கு ப்ரோ பதிப்பு வேண்டும். ப்ரோ வைத்திருந்தால், தயவுசெய்து 3389 என்ற அந்த போர்ட்டை இணையத்துக்குத் திறக்காதீர்கள். கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் கும்பல்கள் உள்ளே நுழையும் முக்கியமான வழிகளில் அது ஒன்று. கம்பெனி கொடுத்த டிராயிங்கும் ஜிஎஸ்டி கணக்கும் ஒரே கணினியில் இருக்கும் பட்டறைகள் இங்கே ஏராளம். ஓர் இரவில் எல்லாம் போய்விடும்.

இந்த இடத்தில் நிதானமாகப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். போர்ட் ஃபார்வர்டிங் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டால், உங்களுக்குத் திறந்த கதவு எல்லோருக்கும் திறந்த கதவு. தெருவில் போகிறவர் யாரும் வந்து தட்டலாம். 'என் வீட்டுக் கேமராவை யார் தேடி வரப்போகிறார்கள்' என்று தோன்றும். மனிதர்கள் தேடுவதில்லை, இயந்திரங்கள் தேடுகின்றன. இணையத்தில் திறந்திருக்கும் கருவிகளைப் பட்டியலிடும் ஷோடன் என்ற தேடுபொறி 2009 முதல் இருக்கிறது. 2016இல் மிராய் என்ற தீநிரல் சுமார் 60 வழக்கமான பெயர், கடவுச்சொல் ஜோடிகளை மட்டும் வைத்துக்கொண்டு உலகெங்கும் லட்சக்கணக்கான கேமராக்களையும் டி.வி.ஆர்.களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அமெரிக்காவின் டைன் நிறுவனத்தின் மேல் அவை ஏவப்பட்டதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெரிய தளங்களே பலருக்கும் திறக்காமல் போயின. அட்டைப்பெட்டியில் வந்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டவர்களின் கருவிகள்தான் அதற்குப் படையாக இருந்தன.

நம் பக்கத்தில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. வீட்டை விட்டுப் பல மாவட்டம், பல மாநிலம் தாண்டி வந்து ஷிஃப்ட் வேலை பார்க்கும் பெண்கள் ஆயிரக்கணக்கில் இங்கே தங்கியிருக்கிறார்கள். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட தொழிலாளர் குடியிருப்பில் மட்டுமே 18,720 பேர் தங்கலாம். அதற்கு வெளியே தனியார் விடுதிகளிலும் லைன் வீடுகளிலும் இருப்பவர்கள் வேறு. இரவு ஷிஃப்ட் முடிந்து எத்தனை மணிக்கு யார் வருகிறார்கள், எந்த அறை பூட்டியிருக்கிறது என்பதெல்லாம் உங்கள் வாசல் கேமராவில் பதிவாகிறது. அந்தப் படம் முகம் தெரியாத ஒருவன் கையில் போனால், பாதுகாப்புக்கு வைத்த கேமரா அந்தப் பெண்களை வேவு பார்க்கும் கருவியாகிவிடும். உங்களை நம்பி வாடகை கொடுக்கிறவர்களின் பாதுகாப்பு இது. அந்த அக்காவிடம் நான் கெஞ்சிக் கேட்டுக்கொண்டதும் இதைத்தான்.

வருகைப்பதிவு இயந்திரங்களுக்கும் இதே எச்சரிக்கை. பல கைரேகை இயந்திரங்கள் 4370 என்ற போர்ட்டில், தனிக் கடவுச்சொல் போடாமலேயே ஓடுகின்றன. அதை இணையத்துக்குத் திறப்பது தொழிலாளர் பட்டியலைத் தெருவில் வைப்பதற்குச் சமம்.

அப்படியானால் கதவைத் திறக்காமலே பார்க்க வழி உண்டா? உண்டு, பெரும்பாலான வீடுகளுக்கு அதுவே போதும். டி.வி.ஆரின் மேல் ஒரு க்யூஆர் கோடு ஒட்டியிருக்கும். நிறுவனத்தின் செயலியில் அதை ஸ்கேன் செய்தால், டி.வி.ஆர். தானாக வெளியே போய் நிறுவனத்தின் சர்வரில் (நடுவில் நின்று இரு பக்கத்தையும் இணைக்கும் கணினி) காத்திருக்கும். உங்கள் போனும் அங்கே போகும். இரண்டுமே உள்ளிருந்து வெளியே போகும் வேலை என்பதால் சிஜிநாட் தடையில்லை. ரவுட்டரில் ஒரு வரிகூட எழுத வேண்டாம். உங்கள் படம் அந்த நிறுவனத்தின் வழியாகப் போகலாம் என்பதை மட்டும் தெரிந்துகொண்டு செய்யுங்கள். அக்காவுக்கு இதைத்தான் செய்தோம். பரண்மேல் துணி போர்த்தி வைத்திருந்த டி.வி.ஆரை இறக்கி, தூசி துடைத்து, ஸ்டிக்கரை ஸ்கேன் செய்ய ஆன நேரம் பத்து நிமிடம். பொது முகவரிக்கு அவர் காசு கட்டவில்லை.

பட்டறைக் கணினி, வருகைப்பதிவு இயந்திரம் இவற்றுக்கு வி.பி.என். (இணையத்தின் ஊடே உங்களுக்கு மட்டுமான பூட்டிய பாதை) தான் சரி. டெயில்ஸ்கேல் என்ற செயலியை உங்கள் போனிலும் பட்டறைக் கணினியிலும் போட்டு ஒரே கணக்கில் நுழைந்தால், சிஜிநாட் இருந்தாலும் இரண்டும் பேசிக்கொள்ளும். சிறு பயன்பாட்டுக்கு இலவசம். அது கொடுக்கும் முகவரியும் 100 என்றுதான் தொடங்கும், சிஜிநாட் முகவரி என்று குழம்ப வேண்டாம்.

ஐ.பி.வி6 பற்றிப் பிறகு சொல்கிறேன் என்றேன். அதில் முகவரிப் பஞ்சமே இல்லை, ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனிக் கதவு எண் கொடுக்கலாம். உங்கள் இணைப்பில் அது இருந்து, டி.வி.ஆருக்கும் அது தெரிந்து, வெளியிலிருந்து பார்க்கும் போனுக்கும் அது இருந்தால், ரவுட்டரின் ஃபயர்வாலில் (வேண்டாதவற்றைத் தடுக்கும் காவல்) ஓர் அனுமதி எழுதினால் போதும். பழைய டி.வி.ஆர்.கள் பலவற்றுக்கு அது தெரியாது என்பதுதான் சிக்கல்.

எல்லாம் கேட்டும் போர்ட்தான் திறக்க வேண்டும் என்றால், திறக்கும் முன் டி.வி.ஆரின் கடவுச்சொல்லையும் ரவுட்டரின் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். இரண்டும் வேறு வேறாக இருக்கட்டும், கேமரா போட்டவருக்குத் தெரிந்ததாக இருக்க வேண்டாம். டி.வி.ஆரின் மென்பொருளைப் புதுப்பியுங்கள். ரவுட்டரில் டி.எம்.ஜெட் (வருவதையெல்லாம் ஒரே கருவிக்கு அனுப்பும் அமைப்பு) போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். ஒரு போர்ட் வேலை செய்யவில்லை என்றதும் வேலையை முடிக்க அதைப் போட்டுவிட்டுப் போவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். எட்டு போர்ஷனுக்கும் தாழ்ப்பாள் இருந்தும் ஒரு போர்ஷனின் கதவைக் கழற்றி வைப்பது போன்றது அது. யு.பி.என்.பி. (கருவிகள் உங்களைக் கேட்காமலே தாங்களாக போர்ட் திறந்துகொள்ளும் வசதி) தேவையில்லை என்றால் அதையும் அணையுங்கள்.

புதிதாகக் கேமரா வாங்குவதாக இருந்தால் இன்னொன்று. சிசிடிவி கேமராக்களுக்கான பாதுகாப்பு விதிகளை மத்திய அரசு 2024இல் அறிவித்து, 2025 ஏப்ரலில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பழைய சரக்கை விலை குறைத்துத் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னால், புதிய விதிப்படி சோதித்த மாடலா என்று கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக ரவுட்டரின் அந்தப் பக்கத்தை ஒருமுறை முழுக்கப் பாருங்கள். முன்பு ஓடிய பழைய டி.வி.ஆருக்கு எழுதியது, காலி செய்துபோன பிள்ளை விளையாட்டுக்காகத் திறந்தது, கேமராக்காரர் சோதித்துப் பார்த்தது என்று மூன்று நான்கு விதிகளாவது மிச்சம் இருக்கும். எதற்கென்று உங்களுக்கே தெரியாத விதி ஒன்று இருந்தால், அதை அழித்துவிட்டு ஒரு வாரம் பாருங்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை என்றால் அது வேண்டியதில்லை.